முதலிற் கசந்த இசை

கொல்லிமலையில் 'நாடு' என்று வழங்கும் ஊர்ப்பிரிவுகளுள் பெரக்கரை நாடும் ஒன்று. மாணவ நண்பர்களே, 1987ஆம் ஆண்டு ஐப்பசி விடுமுறையை அங்கே, எங்கள் வீட்டுத் திண்ணையில், ஒரே ஓர் ஒலிநாடாவோடு கழித்தேன். அந்த நாடாவின் மீது அப்போது எனக்கிருந்த கோபத்தைச் சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள்.

இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பு அது. 'இதற்கு என்ன பெயரிடுவது?' என்பது அத்தலைப்பின் பொருள். திரைப்பாடல்களால் எங்களை ஆண்டுகொண்டிருந்தவரின் பெயரைக் கண்டதும், தந்தையார் சாமை விற்று விடுதிக் கட்டணத்துக்கென்று தந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து அதை வாங்கிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. விடுமுறைக்கு மலையேறி வந்த அன்று மாலை, அண்டை வீட்டாரையும் அழைத்து, நாடாவைச் சுழலவிட்டேன். வயலின்கள் ஒன்றையொன்று துரத்தின. பாட்டு வரவில்லை, சொல் ஒன்றும் வரவில்லை. ஒருவர் ஒருவராக எழுந்து போயினர். "பாடுகிறவன் எப்போது வருவான்?" என்று தந்தையார் கேட்டார். பிறகு விலையையும் கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போனதுதான் எனக்கு வலித்தது.

வேறு நாடா இல்லாமையால் அதையே மறுபடியும் கேட்க நேர்ந்தது. கேட்கக் கேட்கக் கசப்புக் குறைவதை உணர்ந்தேன். இதனை ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்க உளவியலார் ராபர்ட் ஸையன்ஸ், பொருளறியாத சொற்களையும் எழுத்துருக்களையும் மக்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டி, பழகிய ஒன்றின்பால் விருப்பம் வளர்கிறது என்று 1968இல் எழுதினார். ஆயினும் பழக்கம் ஒன்றே போதும் என நான் ஒப்பமாட்டேன். தேநீர்க் கடையில் நூறுமுறை கேட்டும் வெறுப்புத் தட்டிய பாடல்கள் எத்தனையோ!

எனக்கு வழிகாட்டியது எங்கள் முற்றத்து உரல். தாயாரும் அத்தையும் அதில் சாமை குற்றுவார்கள். ஒருவர் உலக்கை ஓங்கும்போது மற்றவர் உலக்கை விழும். இரண்டும் மோதுவதில்லை, ஒன்றுக்கு மற்றது பின்பாட்டும் அன்று. அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பகலில்தான் என் செவியின் பிழை விளங்கிற்று.

நம் கச்சேரிகளில் மெட்டு ஒரே இழை. பாடகர் ஆலாபனை செய்யும்போது வயலின் நிழல்போல் பின்தொடரும். நான் அந்த ஓர் இழையையே தேடிக்கொண்டிருந்தேன். ஐரோப்பியரின் 'ஃபியூக்' என்னும் அமைப்போ வேறு. ஒரு குரல் ஒரு சிறு சொற்கட்டைத் தனியே இசைக்கும். அது முடிந்ததும் இரண்டாங்குரல் அதையே பஞ்சமத்திலிருந்து தொடங்கும். முதற்குரல் ஓயாமல் வேறொன்றை இசைத்துக்கொண்டேயிருக்கும். பின்னர் மூன்றாவது குரல் நுழையும். ஒரு மலைச்சரிவிலிருந்து எழுந்த கூவலுக்கு எதிர்ச்சரிவிலிருந்து மறுகூவல் வர, முதலில் கூவியவர் பேச்சை நிறுத்தாதிருப்பது போன்றது அது. 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்ற பகுதியை இப்படிப் பிரித்துக் கேட்டபோது, இரைச்சலாகத் தோன்றியது உரையாடலாயிற்று.

இத்தொகுப்பு தியாகராசருக்கும் (1767–1847) ஜெர்மானியரான பாக் என்பவருக்கும் (1685–1750) காணிக்கையாக்கப்பட்டது. வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்னும் பகுதியில், தனி வயலினுக்காகப் பாக் இயற்றிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பிசையை எடுத்து, அதைச் சுற்றித் தம் இசையை நெய்திருக்கிறார் இளையராஜா. பாக் தம் கைப்பட அதை எழுதிய படி 1720ஆம் ஆண்டினது. விருந்தினரைத் தன் வீட்டில் சந்தித்ததாகத் தலைப்பிட்டவரின் குறும்பை நான் மிகத் தாமதமாகவே இரசித்தேன்.

என் செவி மட்டும் மந்தம் என்று எண்ண வேண்டா. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' 1913இல் பாரிஸ் அரங்கில் கூச்சலையும் குழப்பத்தையும் கிளப்பிற்று; மறு ஆண்டே அந்நகரில் அதே இசைக்குப் பெரும் பாராட்டு. ராக் இசையிலும், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 1972இல் வெளியிட்ட 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' தொகுப்பைத் தொடக்கத்தில் குறைகூறிய விமரிசகர் சிலர் பின்னர்த் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர்.

விடுமுறை முடியுமுன் ஒலிப்பெட்டியின் மின்கலங்கள் தீர்ந்து, வயலின்கள் முனகத் தொடங்கின. புதியவை வாங்கப் பணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சோளக்காட்டுச் சந்தைக்குப் போய் மழையில் நனைந்து திரும்பிய தந்தையார், மிளகு விற்ற பையிலிருந்து நான்கு மின்கலங்களை எடுத்து என் முன் வைத்தார்.

"பாடுகிறவன் இன்னும் வரவில்லையே. பெட்டியை வை, பார்ப்போம்" என்றார்.