பரிவும் சான்றும்

நுழையும்முன்

நோயாளியின் அருகில் நெடுநேரம் இருப்பவர் செவிலியர். அவர் செய்யும் பணி வழக்கத்தால் நிகழ்கிறதா, ஆய்ந்தறிந்த சான்றால் நிகழ்கிறதா என்னும் வினா, புற்றுநோய் மருத்துவத்தில் உயிரோடு தொடர்புடையது. அவ்வினாவிற்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிடைத்த விடையை இப்பாடம் விளக்குகிறது.

வலிக்கு முன்னே வரும் நோய்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவில், மாணிக்கவாசகர் வாழ்வோடு இணைந்த திருப்பெருந்துறை ஆகும். அதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் உழவே முதன்மைத் தொழில். அங்கு நாற்று நடும் பெண் ஒருவருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் அரும்பினால், தொடக்கத்தில் வலி தோன்றுவதில்லை. குருதிப்போக்கு தோன்றிய பின்னும் கூச்சம், கூலி இழப்பு, மருத்துவமனையின் தொலைவு ஆகியவை அவரைத் தடுக்கின்றன. அவர் மருத்துவரைக் காணும்போது நோய் முற்றியிருக்கக்கூடும்.

எனினும், இந்நோய் முற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டறிந்தால் புற்றுநோயாக மாறுமுன்னரே தடுக்க இயலும். ஒவ்வோர் ஊரிலும் சென்று பார்ப்பவர் யார் என்பதே சிக்கல்.

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்திலிருந்து எழுந்த அவரது முயற்சியால் 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிறுவனம் தொடங்கப்பெற்றது. மேற்கண்ட சிக்கலுக்கு விடை தேடிய ஆய்வில் பின்னாளில் அந்நிறுவனமும் பங்கேற்றது.

சான்றுவழிச் செவிலியம்

தரமான ஆய்வுகளின் முடிவு, செவிலியரின் பட்டறிவு, நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றையும் இணைத்து முடிவெடுப்பதே சான்றுவழிச் செவிலியம். புற்றுநோய்க்குரிய சில மருந்துகள் வாயில் கடும் புண்ணை உண்டாக்கும். அவற்றுள் ஒன்றான ஃபுளூரோயுராசிலை விரைந்து நரம்பில் செலுத்தும்போது, நோயாளி அரைமணி நேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கியிருந்தால் புண் குறைகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. குளிர்ச்சியால் வாயின் குருதிக்குழாய்கள் சுருங்க, அங்குச் சென்று சேரும் மருந்தின் அளவு குறைகிறது. இதனை அறிந்த செவிலியர் பனிக்கட்டியைத் தருகிறார். நோயாளிக்குப் பல்கூச்சம் இருப்பின் அவர் விருப்பத்தைக் கேட்டறிகிறார். சான்றும் பரிவும் இங்கு ஒன்றுக்கொன்று துணையாகின்றன.

திண்டுக்கல் தந்த விடை

2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரும் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையின் கிறித்தவ ஐக்கிய சமுதாய நல மையம், அடையாறு புற்றுநோய் நிறுவனம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை அதில் இணைந்து செயலாற்றின. ஊர்கள் 114 தொகுதிகளாகப் பகுக்கப்பட்டன. ஒருபாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். மறுபாதியில் 30,958 பெண்கள் வழக்கமான மருத்துவ வசதியையே பெற்றனர்.

பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து நல்ல வெளிச்சத்தில் நோக்கினர். இயல்பு மாறிய திசு வெண்மையாகத் தெரியும். வீட்டில் பயன்படும் வினிகரிலும் உள்ள அமிலமே இது. தேவைப்பட்டோருக்கு உறைகுளிரால் அத்திசுவை அழிக்கும் சிகிச்சையையும் செவிலியரே அளித்தனர்.

ஏழாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு 2007ஆம் ஆண்டு வெளியாயிற்று. அழைக்கப்பட்ட தொகுதிகளில் இந்நோய் தோன்றுவது 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. செவிலியரின் கை உயிர்காக்கும் என்னும் நம்பிக்கை, அன்று எண்ணிக்கையால் நிறுவப்பட்ட உண்மையாயிற்று.

திருத்திக்கொள்ளும் அறிவு

சான்று ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நிகழ்ந்து 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அமிலப் பரிசோதனை இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. இந்நோய்க்குக் காரணமான மனிதப் பாப்பிலோமா தீநுண்மியைக் கண்டறியும் பரிசோதனையோ இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. 2021ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் இத்தீநுண்மிப் பரிசோதனையையே முதன்மையாகப் பரிந்துரைத்தது. நேற்றைய சிறந்த முறையைவிட இன்று மேலான ஒன்று கிடைத்தால் அதனை ஏற்பதே சான்றுவழி நிற்பவரின் கடமை.

மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவர், நோயாளியின் உடனிருந்து பணிபுரிபவரையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். ஆவுடையார்கோவில் பகுதிப் பெண் ஒருவர் கூச்சத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிலில் நிற்கும்போது, அவர் அச்சத்தைப் போக்க இன்சொல் வேண்டும். அவர் உயிரைக் காக்கச் சரியான பரிசோதனை வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தருபவரே சிறந்த செவிலியர்.