ஹலால் பார்க்கிறோம், தய்யிப் பார்க்கிறோமா?



வெளியூரில் ஓர் உணவகத்துக்குள் நுழைந்தால், "இங்கே ஹலால்தானே பாய்?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், இந்தப் பேணுதல் நம் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் அதே பிரியாணியில் கைப்பிடி கைப்பிடியாகப் போடும் புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் எப்படி விளைந்தன என்று நாம் கேட்பதில்லை.

அல்குர்ஆன் (2:168) எல்லா மனிதர்களையும் அழைத்து, உணவுக்கு இரண்டு நிபந்தனைகளைச் சொல்கிறது. அது ஹலாலாக இருக்க வேண்டும். தய்யிபாகவும் இருக்க வேண்டும். தூய்மையானது, உடலுக்கும் அறிவுக்கும் தீங்கு தராதது என்று தய்யிபுக்கு விரிவுரையாளர்கள் விளக்கம் தந்துள்ளார்கள். முதல் நிபந்தனையைப் பிடித்துக்கொண்ட நாம், இரண்டாவதை மறந்துவிட்டோம்.

குவியலுக்குள் இருந்த ஈரம்

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இச்செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று நம் காய்கறிக் கூடையில் உள்ள பூச்சிக்கொல்லி எச்சமும் அப்படி மறைந்திருக்கும் ஈரம்தான். கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது.

எச்சம் எப்படி வருகிறது?

ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும், தெளித்த பின் அறுவடைக்கு இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்ற காத்திருப்புக் காலம் உண்டு. அந்த நாட்களில் வெயிலும் காற்றும் செடியின் இயக்கமும் நஞ்சைப் பெருமளவு சிதைத்துவிடும். ஆனால் கத்தரி, வெண்டை, மிளகாய் போன்றவற்றைச் சில நாட்களுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். பூச்சி விழுந்தால் விவசாயி மருந்தடிக்கிறார். மறுநாளே சந்தைக்கு ஏற்றும் நெருக்கடி. நஞ்சுக்கே 'மருந்து' என்று பெயர் வைத்துவிட்டதால் அதன் அபாயமும் மனதில் பதிவதில்லை. முகக்கவசம் இல்லாமல் தெளிக்கும் கூலித் தொழிலாளிதான் இதில் முதலில் பாதிக்கப்படுகிறார். எனவே விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமல்ல.

பூச்சிக்கொல்லிகளில் ஒரு பெரும் பிரிவு நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை. குழந்தைகள் தம் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகம் உண்கிறார்கள். அவர்களின் மூளையும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே சிறிய அளவும் அவர்களுக்குப் பெரிய அளவாகிறது.

மோனோகுரோட்டோபாஸ் என்ற நஞ்சைக் காய்கறிகளுக்குப் பயன்படுத்த 2005-லேயே நம் நாட்டில் தடை வந்தது. ஆனால் மற்றப் பயிர்களுக்கென்று அது கடையில் கிடைத்துக்கொண்டே இருந்தது. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது இதே நஞ்சுதான். எச்சத்தைவிடப் பன்மடங்கு அதிகமான அளவு அது. என்றாலும் நம் வயல்களில் புழங்குவது எத்தகைய பொருள் என்பதை அது காட்டியது.

கழுவினால் போய்விடுமா?

ஓரளவு போகும். தோலின்மேல் படிந்தவை ஓடும் தண்ணீரிலும், லிட்டருக்கு 20 கிராம் கல்லுப்பு கரைத்த நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவும்போதும் கணிசமாகக் குறையும். கறிவேப்பிலை போன்றவற்றுக்குப் புளிக்கரைசலைக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துள்ளது. ஆனால் செடி உறிஞ்சி, காயின் உள்ளேயே பரவிவிடும் நஞ்சுகள் உண்டு. மோனோகுரோட்டோபாஸ் அவற்றில் ஒன்று. அவற்றை எந்தக் கழுவலும் நீக்காது. அதற்காகக் காய்கறி உண்பதை நிறுத்திவிடக் கூடாது. அது வேறு நோய்களுக்கு வழிவகுக்கும். உள்ளே போன நஞ்சைச் சமையலறையில் தடுக்க முடியாது, வயலிலும் சந்தையிலும்தான் தடுக்க முடியும்.

கேட்டவர்கள் பெற்றார்கள்

கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டர் மூலம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. அதை எதிர்த்து லீலாகுமாரி அம்மா என்ற வேளாண் துறைப் பணியாளர் உள்ளூர் நீதிமன்றத்தை நாடினார். 2000-த்தில் அந்தத் தெளிப்பு நின்றது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்த நஞ்சுக்குத் தடை விதித்தது. ஒரு பெண் தொடங்கிய கேள்வி அது.

வெள்ளாயணியில் உள்ள ஆய்வகம் சந்தைக் காய்கறிகளைப் பரிசோதித்து முடிவுகளை மக்களுக்கே வெளியிட்டு வந்தது. 2015-ல் தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் எச்சம் அதிகம் என்று கேரளம் பிரச்சினை எழுப்பியது. வாங்குகிறவர்கள் கேட்டதால்தான் அது பேசுபொருளானது. அதே தோட்டத்துக் காய்களை உண்ணும் நாமும் கேட்க வேண்டாமா?

நம் ஜமாஅத் என்ன செய்யலாம்?

• உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-வது பிரிவு, வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்க வழி தருகிறது. தரம் தவறியிருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தனி வீட்டுக்குச் சிரமம்தான். ஜமாஅத் முன்னின்றால் எளிது.

• ரமலானில் நோன்புக் கஞ்சிக்கும், ஆண்டு முழுவதும் வலீமா விருந்துகளுக்கும் நாம் மொத்தமாக வாங்குகிறோம். காத்திருப்புக் காலத்தைப் பேணும் விவசாயிகளைத் தேடி, நியாயமான விலை தந்து வாங்குவோம். குறைந்த விலையும் பளபளப்பும் மட்டும் கேட்டால், அவர் மருந்தடிக்கத்தான் செய்வார்.

• காய்கறி, மளிகை வியாபாரத்தில் உள்ள நம் சகோதரர்கள் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து, குறையிருந்தால் சொல்லி விற்க வேண்டும்.

• ஒரு ஜும்ஆ குத்பாவை இதற்கென ஒதுக்குவோம். புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகியவை மாடித் தொட்டியிலேயே வளரும். பிள்ளைகளையே வளர்க்கச் சொல்வோம்.

பிறருக்குத் தீங்கு செய்வதும் தீங்குக்குப் பதில் தீங்கு செய்வதும் கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த அடிப்படை. நம் பிள்ளையின் தட்டிலும், மருந்தடிப்பவரின் மூச்சிலும் அது காக்கப்பட வேண்டும். அடுத்த முறை கடையில் நிற்கும்போது, "இது எங்கிருந்து வந்தது, எப்போது மருந்தடித்தது?" என்று கேட்போம். முதல் நாள் பதில் கிடைக்காமல் போகலாம். எல்லாரும் கேட்கத் தொடங்கினால், இன்ஷா அல்லாஹ், வியாபாரி அதே கேள்வியைத் தோட்டக்காரரிடம் கேட்பார்.