ரசிகர்கள் எழுதிய பேரேடு

படம் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. பார்த்த படத்தில் யார் யார் நடித்தார்கள் என்று எழுதி வைப்பது அதைவிடப் பெரிய பைத்தியம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், "கதாநாயகிக்குத் தாயாக வந்த அம்மாளை இதற்கு முன் எந்தப் படத்தில் பார்த்தோம்?" என்ற வழக்கு லயத்து வாசலில் ஒரு வாரம் ஓடும். தீர்ப்புச் சொல்ல ஆளிருக்காது. இன்று கைப்பேசியில் படத்தின் பெயரைத் தட்டினால் விடை வந்து விழுகிறது. அப்படி விடை சொல்லும் இணையத்தளங்களில் பெயர்பெற்றது ‘ஐ.எம்.டி.பி.’. எந்த முதலாளியும் திட்டம் போட்டு அதைத் தொடங்கவில்லை. சம்பளம் வாங்காத ரசிகர்களின் குறிப்பேடுதான் பின்னாளில் கம்பெனியாக மாறியது.

இங்கிலாந்தில் கோல் நீடம் என்றொரு கணினிப் பொறியாளர் இருந்தார். சிறு வயது முதலே படப் பித்து. பார்த்த படங்களுக்கெல்லாம் கணக்கு எழுதி வைப்பார். அந்நாளில் ‘யூஸ்நெட்’ என்ற அமைப்பு இருந்தது. ஒரு கணினியில் எழுதியது பல நாட்டுக் கணினிகளுக்கும் போய்ச் சேரும். ஊர்ப் பொதுத் திடல் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். அங்கே கூடிய பட ரசிகர்களில் ஒருவர், அழகிய கண்களையுடைய நடிகைகள் யார் யார் என்று ஒரு பட்டியலைத் தொடங்கினார். (இளவட்டங்கள் எந்த நாட்டிலும் இளவட்டங்கள்தாம்!) அந்த விளையாட்டு வளர்ந்தது. ஒருவர் நடிகைகளை எழுதினார், ஒருவர் இயக்குநர்களை எழுதினார், நீடம் நடிகர்களை எழுதினார். மறைந்த கலைஞர்களுக்கும் தனிப் பட்டியல் பிறந்தது. 1990 அக்டோபர் 17-ஆம் நாள், இந்தப் பட்டியல்களையெல்லாம் ஒன்றாகத் தேடிப் பார்க்க உதவும் கணினிக் கட்டளைகளை நீடம் எழுதி இலவசமாக வெளியிட்டார். 1993-இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் அது இணையத்தளமாக ஏறியது.

இங்கேதான் சிக்கல் வந்தது. பார்க்க வருவோர் பெருகப் பெருக, இரவல் இடத்தில் இருந்துகொண்டு காலம் தள்ள முடியவில்லை. கணினி வாங்கப் பணம் வேண்டும். பகல் வேலை முடித்து வந்து இரவில் பார்க்கிற வேலையாகவும் அது இல்லை. 1996-இல் கம்பெனியாகப் பதிந்தார்கள். விளம்பரம் வாங்கினார்கள். 1998 ஏப்ரலில் அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. இதோடு வேறு இரண்டு கம்பெனிகளையும் சேர்த்து அமேசான் கொடுத்தது ஏறத்தாழ 5 கோடியே 50 லட்சம் அமெரிக்க வெள்ளி.

பட்டியலுக்குப் பெயர் எழுதி அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். விற்பனைப் பத்திரத்தில் அத்தனை பேருமா கையெழுத்திட்டார்கள்? நாம் கூட்டுறவுச் சங்கத்தில் கட்டும் பணத்துக்குப் பங்குக் கணக்கு உண்டு, கூட்டத்தில் கை தூக்க உரிமையும் உண்டு. ஆசைக்குச் செய்த வேலைக்கு அப்படி ஒரு கணக்குப் புத்தகம் கிடையாது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். விற்ற பிறகும் படிப்பவரிடம் காசு கேட்கவில்லை. 2002-இல் திரைத் தொழிலில் இருப்பவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, சந்தாவை அவர்களிடம் வாங்கினார்கள். அது நியாயமான ஏற்பாடு என்பது என் எண்ணம்.

விளையாட்டாக எழுதிய பட்டியல் பிறர் பிழைப்பையும் தொட்டது. தம் வயதை வெளியிட்டதால் வேடம் கிடைக்காமல் போகிறது என்று 2011-இல் ஒரு நடிகை அமெரிக்காவில் வழக்குப் போட்டார். 2013-இல் தோற்றார். நடிகர் கேட்டால் வயதை நீக்க வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2016-இல் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டமும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. உண்மையான தகவலை வெளியிடும் உரிமையின் பக்கமே தீர்ப்பு இருந்தது. சட்டம் சரியாக இருக்கலாம். நாற்பது வயதுப் பெண்ணுக்கு வேடம் தர மறுப்பவர்களை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது?

ரசிகர்களுக்கு மனம் நொந்தது 2017 பிப்ரவரியில். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருந்த பேச்சுப் பகுதியைக் கம்பெனி மூடிவிட்டது. பெரும்பாலோருக்கு அது பயன்படவில்லை என்றார்கள். வம்புப் பேச்சும் வசைமொழியும் அங்கே மலிந்திருந்தது மெய்தான். ஆனால் பேசிப் பேசித்தானே அந்தப் பட்டியலே பிறந்தது! பழைய பேச்சுகள் அழிந்துவிடுமே என்று சில ரசிகர்கள் இரவு பகலாக அவற்றைப் படியெடுத்து வேறு தளங்களில் சேர்த்து வைத்தார்கள். அதற்கும் சம்பளம் இல்லை.

நீடம் 2025 தொடக்கம் வரை தலைமைப் பொறுப்பில் இருந்தார். கம்பெனிக்கு ஊழியர்கள் இருந்தாலும் திருத்தமும் புதிய பெயர்களும் இன்றும் பொதுமக்களிடமிருந்து போகின்றன. தமிழ்ப் படங்களுக்கும் அங்கே பக்கங்கள் உண்டு. அவற்றில் ஒரு துணை நடிகரின் பெயரோ, ஒப்பனைக்காரரின் பெயரோ விடுபட்டிருந்தால், அதை எழுதி அனுப்பக் கட்டணம் கிடையாது. படம் பார்த்த யாரும் செய்யலாம்.