அடுத்தடுத்த நோக்கர்களிடையே குவாண்டம் ஒட்டுறவுப் பகிர்வு

அடுத்தடுத்த நோக்கர்களிடையே குவாண்டம் ஒட்டுறவுப் பகிர்வு என்பது, பின்னலுற்ற இரு துகள்களுள் ஒன்றைப் பலர் ஒருவர்பின் ஒருவராக அளக்கும்போது, அவர்களுள் எத்தனை பேர் மற்றைத் துகளை வைத்திருப்பவருடன் பெல் சமனின்மையை மீற இயலும் என்பதை ஆராயும் குவாண்டம் தகவலியல் சிக்கல் ஆகும்.

பின்னணி

பின்னலுற்ற துகள்களின் அளவீட்டு முடிவுகளிடையே, உள்ளிட மறைமாறிகளைக் கொண்டு விளக்கவியலாத ஒட்டுறவு உண்டு என்பதை 1964 இல் யோன் பெல் காட்டினார். 1969 இல் கிளாசர், ஓர்ன், சிமோனி, ஓல்ட் ஆகியோர் அமைத்த சமனின்மையில் செவ்வியல் உச்ச மதிப்பு 2. குவாண்டம் உச்ச மதிப்பு 2√2, அதாவது ஏறத்தாழ 2.83.

மென் அளவீடு

வழமையான கூர் அளவீடு பின்னலை அழித்துவிடும். எனவே அடுத்தவருக்கு எதுவும் எஞ்சாது. மென் அளவீட்டில் கிடைக்கும் தகவல் குறைவு. துகளின் நிலையும் குறைவாகவே குலையும். ஆலிசு என்பவர் ஒரு துகளையும், பாப்-1, பாப்-2 ஆகியோர் மற்றொன்றையும் அளப்பதாகக் கொள்வோம். முதல்வர் எதை அளந்தார் என்பதை இரண்டாமவர் அறியார். அளவீட்டின் கூர்மையை 0 முதல் 1 வரை குறித்தால், பாப்-1 இன் கூர்மை ஏறத்தாழ 0.71 க்கும் 0.91 க்கும் இடைப்பட்டிருக்கையில் இருவருமே 2 ஐத் தாண்டுவர். கூர்மை 0.8 எனில் இருவருக்கும் ஏறத்தாழ 2.26 என்ற ஒரே மதிப்புக் கிடைக்கும்.

மூன்றாமவர்

முதலிருவரும் வரம்பைத் தொடுமளவுக்கு மட்டும் கூர்மையைக் குறைத்தாலும், மூன்றாமவர் பெறும் மதிப்பு ஏறத்தாழ 1.88 மட்டுமே.

ஆய்வு வரலாறு

இருவர் பகிரலாம் என்பதை 2015 இல் சில்வா, கிசின், குரியனோவா, போபெசுக்கு ஆகியோர் வெளியிட்டனர். ஒவ்வொருவரும் தம் இரு அளவீடுகளையும் சம வாய்ப்புடனும் ஒரே கூர்மையுடனும் செய்தால் இருவருக்கு மேல் பகிர இயலாது என்பதை 2016 இல் கொல்கத்தாவைச் சேர்ந்த மால், மசூம்தார், ஓம் ஆகியோர் நிறுவினர். மால், மசூம்தார் ஆகிய இருவரும் சத்தியேந்திர நாத் போசு தேசிய அடிப்படை அறிவியல் மையத்தையும், ஓம் போசு ஆய்வு நிறுவனத்தையும் சேர்ந்தவர்கள். இத்தாலியின் பதுவாவிலும் (2017) சீனாவின் ஏஃபெய்யிலும் (2018) ஒளியன்களைக் கொண்டு இருவர் பகிர்வு சோதித்துக் காட்டப்பட்டது.

2020 இல் பிரவுன், கோல்பெக் ஆகியோர், ஓர் அளவீட்டைக் கூர்மையாகவும் மற்றதை மென்மையாகவும் செய்தால் நோக்கர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை எனக் காட்டினர். ஆயினும் நோக்கர் பெருகப் பெருக மீறலின் அளவு மிக விரைவாகச் சிறுத்துவிடும்.

ஒருவருக்கே உரிமை என்னும் விதி

ஒரு துகள் ஒரே நேரத்தில் இருவருடன் பெல் சமனின்மையை மீற இயலாது என்னும் விதிக்கு இது முரணன்று. அவ்விதி, தம்முள் செய்தி கடத்தாத நோக்கர்களுக்கே பொருந்தும். இங்கோ முதல்வரின் அளவீடு, அதே துகளின் வழியாக இரண்டாமவரின் முடிவைப் பாதிக்கிறது.

பயன்

ஒரே பின்னலிணையை மீளப் பயன்படுத்தி, நம்பத்தக்க தற்போக்கு எண்களைக் கூடுதலாகப் பெற இம்முறை உதவும்.

இவற்றையும் பார்க்க

பெல் சமனின்மை
குவாண்டம் பின்னல்
குவாண்டம் மறையீட்டியல்