பெயர்த்திக்கு இட்ட பெயர்

குழந்தைக்குப் பெயரிடுதல் மிக எளிய செயல் போலத் தோன்றும். ஆயின், பிறந்த நாட்டை விட்டு அயல்நாட்டிலே குடியேறிய பெற்றோரைக் கேட்டால் அதன் அருமை புலனாகும். அயர்லாந்தின் மேற்குக் கரையிலே பிறந்து வளர்ந்த இளந் தம்பதியர் இருவர் பொஸ்ரனிலோ சிட்னியிலோ குடியேறியுள்ளனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்குப் பெண் குழந்தை பிறக்கின்றது. தாயைப் பெற்ற தாயின் பெயரை இடவேண்டுமென்பது வீட்டார் விருப்பம். அப்பெயர் 'ஷிவோன்'. எழுதும்பொழுதோ எஸ், ஐ, ஓ, பி, எச், ஏ, என் என ஏழெழுத்துக்கள் வரும். பள்ளிக்கூடத்து ஆசிரியை அதனைச் 'சியோபான்' என்று வாசிப்பார். உடன்பயிலும் பிள்ளைகள் நகைப்பர். பெயரை விட்டுவிடுவதா? எழுத்தை மாற்றுவதா? அன்றி, உள்ளபடியே இட்டுவிடுவதா? இவ்வினா சிறிதன்று. இதன் பின்னே ஓர் இனத்தின் வரலாறு நிற்கின்றது.

பழைய ஐரிஷ் குடும்பங்களிலே மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயரையும், இரண்டாம் மகளுக்குத் தந்தையின் தாய் பெயரையும் இடுதல் வழக்கம். அம்மம்மா முதலில், அப்பம்மா அடுத்து. இது நமக்குப் புதிதன்று. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குவதனாலேயே பிள்ளையின் பிள்ளைகள் பெயரன், பெயர்த்தி எனப்பட்டனர். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலோ பாட்டனையே பேரன் என்பர். தந்தவரும் பெயரன், பெற்றவரும் பெயரன்! ஆதலால், ஷிவோன் என்னும் பெயரைக் கைவிடுவது ஓர் ஒலியைக் கைவிடுவதன்று. ஒரு கிழவியைக் கைவிடுவதாகும் என்று அவ்வீட்டார் கருதுவதன் நியாயம் நமக்கு எளிதில் விளங்கும்.

இனி, அயர்லாந்திலே பெயர் பட்ட பாட்டினைச் சிறிது நோக்குவோம். ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட டப்ளின் முதலிய பகுதிகளில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள் ஆங்கிலக் குடும்பப்பெயர் பூணவேண்டுமென்று 1465ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் பிறந்தது. ஊரின் பெயரையோ, நிறத்தின் பெயரையோ, தொழிலின் பெயரையோ கொள்ளுமாறு அச்சட்டம் விதித்தது. காலப்போக்கிலே பெண்களின் பெயர்களும் மாறின. 'கிரோனியா' என்பவள் ஏட்டிலே 'கிறேஸ்' ஆனாள்; 'ஸொரகா' என்பவள் 'சாறா' ஆனாள். இப்பெயர்களுக்கிடையே பொருள் ஒற்றுமை யாதுமில்லை. முதலெழுத்து ஒத்திருந்தது, எழுத்தர் எழுதினார், அவ்வளவே.

1905ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று இன்னும் வியப்பைத் தருவது. டொனிகோல் மாவட்டத்துப் புலவர் நீல் மக் கில்லா விரீஜா என்பவர் தமது வண்டியிலே தம் பெயரை ஐரிஷ் மொழியில் எழுதியிருந்தார். அது தெளிவாக வாசிக்கத்தக்க எழுத்தன்று என்று குற்றஞ்சாட்டித் தண்டம் விதித்தனர். டப்ளின் மேல்மன்றத்திலே அவருக்காக வாதாடியவர், பின்னர் 1916ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி உயிர் துறந்த பற்றிக் பியர்ஸ். வழக்குத் தோற்றது. பிறந்த மண்ணிலே, சொந்த வண்டியிலே, சொந்தப் பெயரை எழுதுவதும் குற்றமாயிருந்த காலம் அது.

அயல்நாட்டிலே நேர்ந்ததோ வேறொரு துன்பம். 1845ஆம் ஆண்டு தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்திலே ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். அமெரிக்க நகரங்களிலே வீட்டுவேலைக்கு அமர்ந்த ஐரிஷ் பெண்கள் பலர். புனித பிரிஜிட்டின் பெயரிலிருந்து வந்த 'பிறிஜெற்' என்னும் பெயர் அவர்களிடையே மிகுதியாக வழங்கியமையால், வேலைக்காரியைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகவே அது ஆகிவிட்டது. தம் பெண்களுக்கு அப்பெயரை இடப் பலர் அஞ்சினர். அதே புனிதையின் திருநாளாகிய பெப்ரவரி முதலாம் நாளையொட்டி 2023 முதல் அயர்லாந்து அரசு பொது விடுமுறை அளித்து வருகின்றது. பெயரின் வாழ்வும் தாழ்வும் அதனைத் தாங்குவோரின் நிலையைப் பொறுத்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஐரிஷ் எழுத்துமுறை ஒழுங்கற்றது என்று பிறர் சொல்வதுண்டு. அது பிழை. பழைய ஐரிஷ் அச்செழுத்திலே மெய்யின்மேல் ஒரு புள்ளி வைத்தால் அதன் ஒலி மெலியும். நம் தமிழிலே புள்ளி உயிரை நீக்கும். அவர்கள் மொழியிலே புள்ளி வல்லோசையை மெல்லோசையாக்கும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே உரோம எழுத்து அதன் இடத்தைப் பிடித்தபொழுது, புள்ளிக்குப் பதிலாக 'எச்' என்னும் எழுத்தைச் சேர்த்தனர். ஆகவே, 'பி'யுடன் 'எச்' சேர்ந்தால் வகரம். 'எம்'முடன் 'எச்' சேர்ந்தாலும் வகரமே. எஸ்ஸை அடுத்து ஐகாரமெழுத்து வரின் ஷகர ஒலி. இவ்விதிகளை அறிந்தார்க்கு ஷிவோனை வாசித்தல் அரிதன்று. உயிரெழுத்தின்மேல் இடும் சாய்கோடு நெடிலைக் காட்டும். 'ஷோன்' என்னும் ஆண்பெயரிலே அக்கோட்டை விட்டுவிட்டால் 'முதிய' என்று பொருள்படும். அயல்நாட்டுப் பதிவேடுகளிலே அடிக்கடி விழுந்துபோவது இக்கோடுதான்.

பெயர்களின் அழகோ சொல்லுந்தரமன்று. 'நீவ்' என்றால் ஒளி. பழங்கதையிலே நீவ் இளமை நாட்டு இளவரசி. ஒஷீன் என்னும் வீரனை வெண்குதிரையிலே கடல் கடந்து அழைத்துச் சென்றாள். மூன்றாண்டு கழிந்ததென்றெண்ணி அவன் ஊர் திரும்பினான், கழிந்ததோ முந்நூறாண்டு. தாய்மண்ணிலே உடல் தீண்டியவுடன் முதுமை அவனைச் சூழ்ந்தது. கடல் கடந்து வாழ்வோர் மகளுக்குச் சொல்ல இதனினும் பொருத்தமான கதை ஏது? கிரோனியா என்பது 1593ஆம் ஆண்டிலே எலிசபெத் அரசியை நேரிற் கண்டு பேசிய கடல் தலைவியின் பெயர். 'ஸர்ஷா' என்றால் விடுதலை. அயர்லாந்து விடுதலை பெற்ற இருபதாம் நூற்றாண்டிலேதான் அது பெயராயிற்று.

அயல்நாட்டிலேயே பிறந்த ஐரிஷ் பெயர்களும் உள. 'கொலீன்' என்பது 'பெண்பிள்ளை' என்று மட்டுமே பொருள்படும் சொல். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் அது பெயராக வழங்கும். அயர்லாந்தாரோ மகளைப் 'பெண்பிள்ளை' என்று அழைப்பானேன் என்று வியப்பர். நாட்டின் பெயரே 'எரின்' என்று பெண்களுக்கு வந்ததும் புலம்பெயர்ந்தோராலேயே. மறுபுறம், ஐரிஷ் பெயரென்று நாம் பேசிவந்த ஷிவோன்கூட நோமானியர் கொணர்ந்த பிரெஞ்சுப் பெயரொன்றிலிருந்து கிளைத்ததே. எனவே, தூய்மை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாகாது. ஒரு பெயரைப் பல தலைமுறைப் பாட்டிமார் தாங்கி, பேத்திமார் ஏற்றால் அது அக்குடும்பத்தின் சொந்தப் பெயராகின்றது.

அவ்வாறாயின் நம் தம்பதியர் செய்யத்தக்கது யாது? எல்லார் நாவிலும் எளிதிலே தங்கும் 'நோரா', 'மேவ்' போன்றவற்றை இடுதல் ஒரு வழி, அதிலே குறையில்லை. ஒலியை வைத்துக்கொண்டு எழுத்தை ஆங்கில முறையிலே மாற்றுதல் மற்றொரு வழி. இதனை யான் ஒப்பேன். அவ்வாறு எழுதிய பெயர், பாட்டியின் கல்லறையிலே செதுக்கிய பெயரோடு ஒவ்வாது. வேர் தேடி வரும் பேத்திக்கு வழி மறைந்துபோகும். பாட்டியின் பெயரே வேண்டுமெனில் அதனை முழுமையாக இடுக. ஆயின், அத்துடன் கடமை முடிந்ததென்று எண்ணற்க. குழந்தை எழுதப் பழகும் நாளிலேயே அவ்வெழுத்தின் விதியையும், அப்பெயருடைய கிழவியின் கதையையும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். கதை அறியாத பிள்ளைக்கு அப்பெயர் பாரம். அறிந்த பிள்ளைக்கு அது செல்வம்.

உலகமும் கற்றுக்கொள்ளும். 1994ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே ஐரிஷ் பெற்றோர்க்குப் பிறந்த திரைப்பட நடிகை ஸர்ஷா ரோனன், தம் பெயரை உச்சரிக்கும் முறையை எத்தனையோ பேட்டிகளிலே பொறுமையோடு விளக்கியுள்ளார், பெயரை மாற்றினாரல்லர். அவர் கலைத்திறனை விரும்பியோர் அவர் பெயரையும் கற்றனர்.

ஈற்றிலே, நமக்கு அணுக்கமான ஒருவரை நினைவுகூர்வோம். 1897ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியிலே சொற்பொழிவாற்றிய சுவாமி விவேகானந்தர், மறுவருடம் கல்கத்தாவிலே மார்கிரட் நோபிள் என்னும் அயர்லாந்துப் பெண்மணிக்கு ஒரு பெயர் சூட்டினார். 'அர்ப்பணிக்கப்பட்டவள்' என்று அதன் பொருள். 1911ஆம் ஆண்டு தம் உயிர் பிரியும்வரை அவ்வம்மையார் அப்பொருள்படியே வாழ்ந்தார். அதனாலன்றோ இன்றும் நம் வீடுகளிலே பெண் பிறந்தால் நிவேதிதா என்று மகிழ்ந்து அழைக்கின்றோம்! பெயரிடுவது பெற்றோர் செயல்; அதற்குப் பொருளூட்டுவது பிள்ளையின் செயல். அப்பொருள் இன்னதென்று பிள்ளைக்கு எடுத்துரைப்பதே இரண்டையும் இணைக்கும் பாலம். அப்பாலத்தை அமைக்கும் பொறுமையுள்ள பெற்றோர், ஷிவோன் என்னும் பெயரை அஞ்சாமல் இடலாம்.