எழுத்தின் உடல் – 9: நெருக்கிய எழுத்து

சித்தூரிலிருந்து மேடேறும் சாலை பலமனேரைத் தொட்டு, முளுபாகல் வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. தெற்கே இறங்கினால் குடியாத்தம். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் லாரிகளின் முதுகில் ஏறிப் பலமனேரைக் கடக்கின்றன. பின்பலகையில் இடமோ குறைவு, எழுத வேண்டியதோ நிறைய. அதனால் எழுத்து அகலத்தில் ஒடுங்கி, உயரத்தில் நீண்டு, தடித்து நிற்கிறது. வெயிலும் புகையும் சங்கிலி உரசலும் அதைத் தேய்க்கின்றன.

அச்சுலகில் இந்த வடிவத்தைப் பரப்பியது மரம். பெரிய அளவில் ஈய எழுத்து வார்த்தால் கனம் தாங்காது, செலவும் அதிகம். 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தால் பெருமளவில் செய்யத் தொடங்கினார். சுவரொட்டிகளில் தடித்த, ஒடுங்கிய எழுத்து நிறைந்தது. அந்த மரபில் வந்ததுதான் கணினியில் எல்லோரும் பார்த்திருக்கும் 'இம்பாக்ட்' எழுத்துரு. 1965-இல் ஜெஃப்ரி லீ வரைந்தது.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளை ஒடுக்குவது எளிது. பெரும்பாலும் நேர்கோடுகள், எல்லாம் ஒரே உயரம். தமிழில் 'ண' ஒன்றே போதும், வடிவமைப்பாளரின் தூக்கத்தைக் கெடுக்க. மூன்று சுழியையும் தடித்த கோட்டில் ஒடுக்கினால் உள்ளிடம் அடைத்துப்போகும். தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் சிக்கல் வேறு: எழுத்தின் அடியில் தொங்கும் ஒத்துகள், அதாவது கூட்டெழுத்தின் துணை வடிவங்கள், உயரத்தைத் தின்றுவிடும்.

ஃபிளெக்ஸ் பேனர்களில் நடப்பது இன்னும் மோசம். சாதாரண எழுத்தைக் கணினியில் பக்கவாட்டில் அழுத்திவிடுகிறார்கள். நிற்கும் கோடுகள் மெலிகின்றன, படுத்த கோடுகள் தடித்தபடியே இருக்கின்றன. எழுத்து நோயாளிபோல் தெரிகிறது. கையால் எழுதும் பெயிண்டர் இப்படிச் செய்வதில்லை. தூரிகையின் அகலம் மாறாது; அவர் குறைப்பது எழுத்தின் உள்ளிடத்தை மட்டுமே. வட்டச் சுழியை நிமிர்த்தி நீளமாக்குவார், கோட்டின் கனத்தில் கைவைக்க மாட்டார். இது பெரிய வடிவமைப்பு அறிவு. அதற்குரிய மதிப்பை நாம் தரவில்லை.

2022-இல் ஏக் டைப் குழு வெளியிட்ட 'அனேக்' எழுத்துருக் குடும்பம் இந்த அறிவைக் கணினிக்குள் கொண்டுவந்திருக்கிறது. பத்து எழுத்துமுறைகள், அவற்றில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் உண்டு. அகலத்தையும் கனத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். இலவசமாகவே கிடைக்கிறது.

தேய்ந்த தோற்றம்தான் பாக்கி. அதைத் தமிழில் நன்றாகச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. 'பக்கம்' என்று எழுதும்போது இரண்டு ககரத்திலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் விழுந்தால் பொய் உடனே தெரிந்துவிடும். உண்மையான தேய்மானத்துக்குக் காரணம் உண்டு: மர எழுத்தில் மூலை மழுங்கும், லாரியில் கொக்கி உரசும் இடத்தில் பெயிண்ட் உரியும். அடிக்கடி வரும் எழுத்துகளுக்காவது மூன்று நான்கு வடிவங்கள் வரைந்து, எழுத்துருவே அவற்றை மாற்றி மாற்றி எடுக்கும்படி செய்யலாம். புள்ளியை மட்டும் தேய்க்காமல் விட வேண்டும். அது அழிந்தால் பல் மருத்துவர் பல மருத்துவராகிவிடுவார்.