வேகம் கூட்டப் போகிறீர்களா? முதலில் சிப்செட்டைப் பாருங்கள்

சென்ற மாதம் என் தம்பி மகன் ஹிஞ்சவடியிலிருந்து ராஸ்தா பேட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தானே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறானாம்.

"பெரியப்பா, ஓவர்கிளாக் பண்ணணும்னுதான் கே எழுத்து போட்ட இன்டெல் பிராசசர் வாங்கியிருக்கேன். போர்டு பி860 போதும்ல? இசட்890 விலை ரொம்ப ஜாஸ்தியா இருக்கு" என்றான்.

நான் பதில் சொல்லாமல், அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருக்கும் பழைய மதர்போர்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவனுக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதுகிறேன். கம்ப்யூட்டரும் கையுமாக இருக்கும் பிள்ளைகள் நம் சங்கத்துக் குடும்பங்களில் அநேகம் அல்லவா!

ஓவர்கிளாக் என்பது, தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட வேகத்தைவிடக் கூடுதலாகப் பிராசசரை ஓட்டுவது. பிராசசரின் வேகம் ஒரு சாதாரணப் பெருக்கல் கணக்குதான்: போர்டின் பஸ் வேகம், அதன்மேல் பிராசசரின் மடங்கு. 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ பிராசசருக்கு பஸ் 66 மெகாஹெர்ட்ஸ், மடங்கு நாலரை, ஆக 300. மடங்கை மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டி வைத்திருந்தது. குறைந்த வேகப் பிராசசரின் மேல் எழுத்தை அழித்து, கூடுதல் வேகம் அச்சடித்து விற்கும் ஏமாற்று வேலை அந்நாளில் பல ஊர்களில் நடந்து வந்தது. எனவே பஸ் வேகத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. பஸ்ஸை 100 ஆக்கினால் 450! அதே மாதம் வெளியான 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-ன் மொத்த விலை 669 டாலர். செலரான் 300ஏ 149 டாலர். மாதச் சம்பளக்காரனுக்கு ஆசை வராமல் இருக்குமா?

அந்த வருடம் தீபாவளிக்கு செலரான் வாங்கினேன். மலிவாகக் கிடைத்ததென்று 440எல்எக்ஸ் சிப்செட் உள்ள போர்டை வாங்கினேன். அங்கேதான் பிசகினேன்.

சிப்செட் என்ன செய்கிறது என்பதை எங்கள் பிம்ப்ரி ஒர்க்‌ஷாப் பாஷையில் சொல்கிறேன். பழைய பட்டறைகளில் ஒரே மோட்டார், மேலே ஒரு நீள ஷாஃப்ட், அதிலிருந்து பெல்ட் போட்டு ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு புல்லி இருக்கும். மோட்டாரை வேகமாகச் சுற்றினால் லேத் மட்டுமா வேகமாகச் சுற்றும்? கூடவே டிரில்லும் கிரைண்டரும் சேர்ந்து பறக்கும். டிரில் பழைய வேகத்திலேயே ஓட வேண்டுமானால் அதன் புல்லியை மாற்ற வேண்டும். சிப்செட்டில் இருக்கும் டிவைடர்தான் அந்தப் புல்லி. பஸ் வேகத்தை இரண்டாலோ மூன்றாலோ வகுத்து, ஹார்ட் டிஸ்க்கும் மற்ற கார்டுகளும் தொங்கும் பி.சி.ஐ. பாதைக்கு அது கொடுக்கிறது. அந்தப் பாதைக்கு விதிக்கப்பட்ட வேகம் 33.

எல்எக்ஸ் 66-க்கென்றே செய்யப்பட்டது. அதில் பாதியாக வகுக்கும் புல்லி மட்டும்தான். என் போர்டில் பஸ்ஸை 83 வரை ஏற்ற ஜம்பர் இருந்தது. ஏற்றினேன். செலரான் 375-ல் ஜம்மென்று ஓடியது. ஆனால் பி.சி.ஐ. 41-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. பிராசசர் தாங்கியது, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் எழுத்துகள் தாங்கவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், மெஷின் நின்றுவிடாது. நன்றாக ஓடுவதுபோல் காட்டிக்கொண்டே ஃபைல்களை ஒவ்வொன்றாகக் கெடுக்கும்.

அப்போது நம் சங்கத்தின் 1999 பொங்கல் மலர் முழுவதும் என் மெஷினில்தான் இருந்தது. டிசம்பர் கடைசி வாரம் ஒருநாள் திறந்தால் பாதி ஃபைல்கள் திறக்கவில்லை. திறந்தவற்றில் வெறும் கட்டங்கள். ஃப்ளாப்பியில் இருந்தது மூன்று வாரத்துக்கு முந்திய பிரதி. கையெழுத்துப் பிரதி இருந்தவற்றை நானும் என் மனைவியும் நான்கு இரவு உட்கார்ந்து மறுபடி அடித்தோம். ஆனால் காகிதமே இல்லாத ஒன்றும் இருந்தது. கிர்க்கியில் நாற்பது வருடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், தாம் புனே வந்த கதையைச் சொல்லச் சொல்ல நேராகக் கம்ப்யூட்டரில் அடித்திருந்தேன். தயங்கித் தயங்கி அவரிடம் போய்ச் சொன்னேன். கோபிக்காமல் மறுபடி சொன்னார். "முதல்ல சொன்ன மாதிரி வரலை தம்பி" என்று மட்டும் முடிவில் சொன்னார். மலரில் வந்தது அந்த இரண்டாவது கதைதான்.

பொங்கல் கழிந்து பம்பாய்க்கு ரயிலேறி, கிராண்ட் ரோடில் இறங்கி லாமிங்டன் ரோடில் 440பிஎக்ஸ் போர்டு வாங்கினேன். இது 1998 ஏப்ரலில் வந்த சிப்செட். பஸ் 100 என்றால் பி.சி.ஐ.க்கு மூன்றில் ஒரு பங்கு. அதாவது சரியாக 33. படம் காட்டும் ஏ.ஜி.பி. பாதைக்கு மூன்றில் இரண்டு பங்கு. அதாவது அதற்குரிய 66. செலரான் 450-ல் ஓடும், மற்றவை எல்லாம் விதித்த வேகத்திலேயே இருக்கும். மெமரி மட்டும் 100-ஐத் தாங்குவதாக வாங்க வேண்டியிருந்தது. அது தனிச் செலவு. (பஸ்ஸை மாற்ற வசதியில்லாத போர்டு வைத்திருந்தவர்கள் பிராசசரின் பி21 என்ற முனையில் நகப்பூச்சு தடவி, 100 பிராசசர் என்று போர்டை நம்பவைத்தார்கள். வீட்டில் யாரும் பாட்டிலைத் தேடாதவரை நல்ல உபாயம்!)

பிஎக்ஸுக்கும் எல்லை உண்டு. பஸ் 133 ஆனால் பி.சி.ஐ.க்கு நாலில் ஒன்று என்ற புல்லி இருந்தது, ஏ.ஜி.பி.க்குப் பாதி என்ற புல்லி இல்லை. அது 89-ல் ஓடும். சில கார்டுகள் தாங்கின, சில படுத்துக்கொண்டன. 2000-ல் வந்த இன்டெல் 815-ல் அந்தக் குறை நீங்கியது, ஆனால் 512 எம்.பி.க்கு மேல் மெமரி ஏற்காது. இன்னொன்று: ஜனவரிக் குளிரில் 450-ல் அசையாமல் ஓடிய என் மெஷின், ஏப்ரல் வெயிலில் மதியம் இரண்டு மணிக்குத் தொங்கிவிடும். பெரிய ஃபேன் மாட்டிய பிறகே சரியானது. புனேயில் பரிசோதிப்பதானால் ஏப்ரலில் பரிசோதியுங்கள்.

இன்றைய நிலைமை வேறு. 2011 முதல் இன்டெல்லில் அடிப்படை வேகத்தை மிகச் சிறிதளவே அசைக்க முடியும் என்றாகி, மடங்கைக் கூட்டுவதே வழியாயிற்று. அதற்குப் பிராசசரில் கே எழுத்தும் வேண்டும், போர்டில் இசட் வரிசைச் சிப்செட்டும் வேண்டும். பி860-ல் மெமரி வேகத்தைக் கூட்டலாம். பிராசசர் மடங்கைத் தொட முடியாது. ஏ.எம்.டி. இதில் தாராளம். பி650, பி850 போன்றவையே அனுமதிக்கும். ஏ620-ம் பி840-ம் அனுமதிக்காது. எழுத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்பதற்கு அந்த பி840 நல்ல உதாரணம். சிப்செட் அனுமதித்தாலும், பிராசசருக்கு மின்சாரம் ஊட்டும் பகுதி பலமாக இருக்கிறதா, அதன்மேல் வெப்பம் கடத்தும் உலோகக் கவசம் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

ஆனால் கிடைக்கும் லாபம்? எனக்கு அன்று ஐம்பது சதவிகிதம் கிடைத்தது. இன்றைய பிராசசர்கள் தாமாகவே எல்லை வரை ஏறிவிடுவதால் நாம் கூட்டுவதற்கு மிச்சம் கொஞ்சமே. அதிக மின்னழுத்தத்தால் 13, 14-ம் தலைமுறைப் பிராசசர்கள் சில பழுதாகின்றன என்று 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது.

"அப்போ என்னதான் வாங்கறது பெரியப்பா?" என்றான்.

"மடங்கைக் கூட்டணும்னா இசட்890. வேண்டாம்னா உனக்கு கே எதுக்கு?" என்றேன்.

இரண்டு நாள் யோசித்தான். பெட்டியின் சீல் உடைக்காததால் கடைக்காரர் கே இல்லாத பிராசசராக மாற்றிக் கொடுத்துவிட்டார். மிச்சப் பணத்தில் பி860 போர்டோடு, பிரதி எடுத்து வைக்க இன்னொரு எஸ்.எஸ்.டி.யும் வாங்கியிருக்கிறான்.